கச்சானுக்கு என்ன குடுக்கிறது?

அன்று சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். நான் விறாந்தையில் இருந்து அசைன்மென்ற் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா. வழமையாக அந்த நேரம் கச்சான் விளக்குமாற்றைக் கடித்து இழுத்து அம்மாவிடம் பேச்சு வாங்குவான். அன்று சத்தத்தையே காணவில்லை. தேடிப் பார்த்தால் கதவு நிலைக்குப் பக்கத்தில் சரிந்து கிடக்கிறான். எழும்பப் பார்க்கிறான், பின்கால் ரெண்டும் தள்ளாடுது. தூக்கினேன். உடம்பு குளிர்ந்து, மெல்லிசாக நடுங்கிக்கொண்டிருந்தது. கண் திறந்திருக்கு, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"ஆரோ மருந்து வைச்சிட்டாங்கள் அம்மா" எண்டு கத்தினேன். எங்கட ஒழுங்கையில் அப்படி முந்தியும் நடந்திருக்கு.

அம்மா விளக்குமாற்றைப் போட்டிட்டு ஓடி வந்தா. ஒரு நிமிசம் அவனையே பார்த்தா. பிறகு குசினிக்குள் போய்ச் சீனியைத் தண்ணியில் கெட்டியாகக் கரைத்துக்கொண்டு வந்து, விரலில் தொட்டு அவனுடைய முரசில் பூசினா. பருக்கவில்லை, பூச மட்டும்தான் செய்தா. "உங்கட அம்மம்மாவுக்கு இன்சுலின் போட்ட காலத்தில சுகர் இறங்கினா இப்பிடித்தான்" எண்டு சொல்லிக்கொண்டே திரும்பத் திரும்பப் பூசினா. ஒட்டோ வந்து ஏறும்போது அவன் நாக்கை வெளியில் நீட்டி அம்மாவின் விரலை நக்கத் தொடங்கியிருந்தான்.

டொக்டர் இரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். அம்மா சொன்னது சரி. குளுக்கோசு குறைந்திருந்தது.

"தங்கச்சி, ஒரு நாளைக்கு எத்தினை தரம் சாப்பாடு குடுக்கிறியள்?"

"ரெண்டு தரம்."

"கடைசியா எப்ப சாப்பிட்டது?"

கணக்குப் பார்த்தேன். முதல் நாள் இரவு ஏழு மணி. காலையில் வைத்ததை மணந்து பார்த்திட்டுப் போய்விட்டான். 'பசிச்சாத் தின்னும்' எண்டு விட்டிட்டம். பதினைஞ்சு மணித்தியாலம்.

கச்சான் ஒரு பொமரேனியன். அப்போது பன்னிரண்டு கிழமை, நிறை 1.1 கிலோ. டொக்டர் விளங்கப்படுத்தினார்: பெரிய நாய் ஒருநேரம் சாப்பிடாவிட்டாலும் ஈரலில் சேர்த்து வைத்த சீனியில் சமாளிக்கும். இந்த அளவுக் குட்டிக்கு ஈரலும் சின்னன், தசையும் சின்னன், சேமிப்பும் சின்னன். உடம்பு சின்னன் எண்டபடியால் சூடும் கெதியாக வெளியே போகும். ஆகவே எரிக்கிறது கூட, இருப்புக் குறைவு. மூண்டு, நாலு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு நாலு தரமாவது வேணும். காலையில் சாப்பிடாமல் விட்டால் பாத்துக்கொண்டு இருக்கக்கூடாது. கடைசியாக, "நல்ல சாப்பாடா வாங்கிக் குடுங்கோ" எண்டார். வெளியில் இன்னும் ஆறேழு பேர் பூனை, நாய்களோடு நிண்டிச்சினம். நல்ல சாப்பாடு எண்டால் என்ன எண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வாய் வராததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கச்சானை வாங்கித் தந்தது அண்ணா. அப்பா இல்லாத வீடு. அண்ணாவும் பிரான்சுக்குப் போன பிறகு பகலில் அம்மா தனிய. நான் காலை ஆறரை பஸ்ஸில் கம்பஸுக்கு வெளிக்கிட்டால் சாவகச்சேரி திரும்ப ஆறு, ஏழு மணியாகும். அம்மா முன்பள்ளி ரீச்சர், பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்திடுவா. வந்து வெறும் வீட்டில் என்ன செய்கிறா எண்டு அண்ணாவுக்கு யோசனை. தன்னுடைய கூட்டாளி மூலம் ஒரு குட்டியை ஒழுங்கு செய்து அனுப்பினார். கூடவே மாதம் மாதம் "குட்டிக்கு நல்ல சாப்பாடு வாங்கு" எண்டு எனக்குத் தனியாகக் காசும் போட்டார்.

நான் முதல் மாதம் வாங்கினது கடையில் பெரிய சாக்கை உடைத்து, பொலித்தீன் பையில் கட்டி, கிலோக் கணக்கில் விற்கிற உருண்டை. பையில் பெயரில்லை, திகதியில்லை. பெரிய நாய்க்கோ குட்டிக்கோ எண்டும் இல்லை. மிச்சக் காசில் போனுக்கு டேற்றா போட்டேன், கொஞ்சம் போட்டோக்கொப்பிக்குப் போனது. அண்ணாவுக்கு, "ஓம், நல்லது வாங்கினனான்" எண்டு வொய்ஸ் அனுப்பினேன். அந்த உருண்டை ஒவ்வொண்டும் கச்சானின் வாய்க்குப் பெரிசு. திறந்து வைத்த பைக்குள் காற்றும் வெக்கையும் பட்டு அதில் பழைய எண்ணெய் மணம் வந்தது. அவன் அன்று காலை மணந்துவிட்டுப் போனது இதைத்தான். அம்மாவிடம் கூட இதை நான் உடனே சொல்லவில்லை.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். ஒரு சுவர் முழுக்கப் பைகள். எல்லாப் பையிலும் சிரிக்கிற நாய்கள். எல்லாத்திலும் 'பிரீமியம்', 'நச்சுரல்', சிலதில் 'சுப்பர் பிரீமியம்'. கடைக்கார அண்ணா ஒரு பையை எடுத்துத் தந்து "இதைத்தான் எல்லாரும் வாங்கினம்" எண்டார். விலையைப் பார்த்தேன். ஒன்றரைக் கிலோப் பை. அப்போது எனக்கு வந்த மஹாபொல மாதம் 5000 ரூபா, பையின் விலை அதைவிடக் கூட. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில கிழமைக்குள் 360க்குப் போனது எங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிற எதன் விலையும் அதற்குப் பிறகு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. நாய்ச் சாப்பாடும் அப்படித்தான்.

பைகளைப் படம் எடுத்து, பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிற என் பள்ளிக்கூடத் தோழிக்கு அனுப்பினேன். அவள் இரவு ஒரு மணிக்குப் பதில் போட்டாள், மொத்தம் ஒன்பது வொய்ஸ் மெசேஜ். அதைத்தான் இங்கே சுருக்கித் தருகிறேன். ஆருக்காவது உதவும்.

"முன்பக்கத்தைப் பாக்காத. பையைத் திருப்பு" எண்டதுதான் அவள் சொன்ன முதல் வசனம். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்க வேணும்: 'கொம்ப்ளீற் அண்ட் பலன்ஸ்ட்'. முழுமையானது, சமநிலையானது எண்டு அர்த்தம், அதாவது இதை மட்டும் குடுத்தாலே போதும். அதே வரியில் ஆருக்கு எண்டும் இருக்கும். 'குரோத்' எண்டோ 'ஓல் லைஃப் ஸ்ரேஜஸ்' எண்டோ இருந்தால் குட்டிக்குக் குடுக்கலாம். 'அடல்ற் மெயின்ரனன்ஸ்' எண்டால் வளர்ந்த நாய்க்கு. 'கொம்ப்ளிமென்ரறி' அல்லது 'சப்ளிமென்ரல்' எண்டால் அது ஒரு நொறுக்குத்தீனி, சாப்பாடு இல்லை. நான் அழகான பை எண்டு எடுத்து வைத்திருந்த ஒன்றில் இந்த வரி இல்லவே இல்லை.

ரெண்டாவது, எண். ஆஃப்கோ எண்ட அமெரிக்கச் சங்கத்தின் அளவுகளைத்தான் பல பைகளில் காணலாம். தண்ணியைக் கழித்துப் பார்த்தால் குட்டிக்கு ஆகக் குறைந்தது 22.5 வீதம் புரதமும் 8.5 வீதம் கொழுப்பும் வேணும். வளர்ந்த நாய்க்கு 18, 5.5 போதும். தண்ணியைக் கழிக்கிறது எண்டதுதான் முக்கியம். உலர் உருண்டையில் புரதம் 27 எண்டும் ஈரம் 10 எண்டும் போட்டிருந்தால், 27ஐ 90ஆல் பிரிச்சால் 30 வீதம். ரின்னில் வருகிற சாப்பாட்டில் புரதம் 8 எண்டு போட்டிருக்கும், பார்த்தால் குறைவு மாதிரி இருக்கும். ஆனால் அதில் 80 வீதம் தண்ணி. 8ஐ 20ஆல் பிரிச்சால் 40.

மூன்றாவது, என்னென்ன போட்டுச் செய்தது எண்ட பட்டியல். அதை நிறைப்படி எழுதுவார்கள், சமைக்க முந்தின நிறை. 'கோழி இறைச்சி' முதலாவதாக இருந்தால் சந்தோசப்படலாம், ஆனால் பச்சை இறைச்சியில் பெரும்பகுதி தண்ணி. அதற்குப் பின்னால் சோளம், கோதுமை, அரிசி எண்டு வரிசையாக வந்தால் கூட்டிப் பார்க்க வேணும். "தானியம் கூடாத சாமான் இல்ல. அது மட்டும் நிண்டாத்தான் பிரச்சினை" எண்டாள்.

எண்ணை மட்டும் நம்பினாலும் பிழைக்கும் எண்டதுக்கு அவள் ஒரு கதை சொன்னாள். 2007இல் அமெரிக்காவில் ஏகப்பட்ட நாய், பூனைச் சாப்பாடுகளைக் கடைகளிலிருந்து திருப்பி எடுத்தார்கள். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருந்தது. வழமையான சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைதரசனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிடும். மெலமினில் நைதரசன் நிறைய. ஆகவே தாளில் புரதம் கூடிக் காட்டியது, மிருகங்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. அதனால் ஆர் செய்தது, எங்கே செய்தது, கேள்வி கேட்க ஒரு விலாசம் இருக்கா எண்டும் பார்க்க வேணும். பெயரில்லாத பொலித்தீன் பையிடம் எதையும் கேட்க ஏலாது. அந்த இடத்தில் நான் வொய்ஸை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

நான்காவது, திகதி. பையின் அளவும் அதோடு சேர்ந்தது. சின்ன நாய்க்குப் பெரிய பை வாங்கினால் கிலோவுக்கு லாபம்தான், ஆனால் முடியிறதுக்குள் கொழுப்புக் கெட்டுப்போகும், முக்கியமாக எங்கட வெக்கையில். வந்த பையிலேயே வைத்து, வாயை மடித்துக் கட்டி, மூடியுள்ள வாளிக்குள் வைக்கச் சொன்னாள்.

ஐந்தாவது, உருண்டையின் அளவு. 'ஸ்மோல் பிரீட்' எண்டு போட்டிருப்பது விளம்பரம் மட்டும் இல்லை. உருண்டை சின்னன், ஒரு கிராமில் சக்தி கொஞ்சம் கூட. சின்ன வயிற்றுக்குள் தேவையானதை அடக்க அது வேணும்.

பிறகு அளவு. ஓ.எல். கணிதத்துக்குப் பிறகு அடுக்குக் கணக்குச் செய்வேன் எண்டு நினைக்கவில்லை. நிறையைக் கிலோவில் எடுத்து 0.75ஆம் அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால், சும்மா கிடக்கிற உடம்புக்குத் தேவையான கலோரி. கச்சானுக்கு 75. நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அதன் மூன்று மடங்கு, 225. பையில் ஒரு கிராமுக்கு 3.7 கலோரி எண்டு இருந்தது. ஆக நாளைக்கு ஏறக்குறைய 60 கிராம், நாலு நேரமாய் 15 கிராம். இது தொடக்கம் மட்டும்தான், கிழமைக்கு ஒருக்கா நிறுத்துப் பார்த்து மாத்த வேணும்.

இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் இன்னொன்று விளங்கியது. பையின் விலையைப் பார்த்துப் பயந்த நான், அவன் எவ்வளவு தின்பான் எண்டு பார்க்கவே இல்லை. மாதத்துக்கு ரெண்டு கிலோ கூட இல்லை. ஆக விலை கூடின பையை வைத்துவிட்டு, மேலே சொன்ன ஐந்தும் சரியாக இருந்த நடுத்தர விலைப் பையை எடுத்தேன். அண்ணா அனுப்புகிற காசுக்குள் அது அடங்கியது. முதல் மாதமே அடங்கியிருக்கும்.

கடையில் கணக்கு முடிந்தாலும் வீட்டில் முடியவில்லை.

"ஊர் நாயள் என்ன பக்கற்றே தின்னுது? சோறும் மீனும் காணாதே?" எண்டா அம்மா.

நான் தோழி சொன்னதை ஒப்புவித்தேன். சோறு நஞ்சில்லை. ஆனால் சோற்றிலும் மீன் சதையிலும் பொசுபரசு இருக்கிற அளவுக்குக் கல்சியம் இல்லை. வளர்கிற குட்டிக்கு இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் உடம்பு அதை எலும்பிலிருந்து உருவும், எலும்பு மெலிந்து வளையும், சில நேரம் முறியும். அதைவிட எங்கட கறியில் வெங்காயமும் உள்ளியும் இல்லாமல் எது இருக்கு? அது ரெண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். முந்திரிகை வத்தல், சொக்கிலேற், அவித்த கோழி எலும்பு, எல்லாம் கூடாது. பசுப்பால் பலதுக்கும் வயித்தால போகப் பண்ணும். வீட்டிலேயே சமைத்துக் குடுக்கலாம், ஆனால் அதற்கு மிருக வைத்தியர் ஒருவர் அளந்து எழுதித் தர வேணும். நான் கம்பஸில் பிரசன்ரேசன் செய்கிற குரலில் சொல்லிக்கொண்டே போனேன்.

அம்மா எல்லாத்தையும் கேட்டா. பிறகு சொன்னா: "95இல வெளிக்கிடேக்க நான் வீரனுக்கு ஒரு பானைச் சோறு ஆக்கி வைச்சிட்டுத்தான் வந்தனான்."

ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு அம்மாவும் வந்தவ. அப்போது அவவுக்குப் பதினேழு வயது. நாயைக் கூட்டிக்கொண்டு வர ஏலாது. வீட்டில் மிஞ்சியிருந்த அரிசி முழுவதையும் அவிச்சு, பானையோடு கிணற்றடியில் வைத்து, சங்கிலியைக் கழட்டி விட்டிட்டு வந்திருக்கிறா. திரும்பிப் போகேக்க பானை கிடந்தது, வீரன் இல்லை. இந்தக் கதையில் நாய் ஒன்று இருந்தது எண்டதே எனக்கு அன்றுதான் தெரியும். இடப்பெயர்வு பற்றி நான் ரெண்டு அசைன்மென்ற் எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு கல்சியம் பற்றிக் கதைக்க எனக்கு ஏலாமல் போனது. பழைய பொலித்தீன் பையின் கதையை அப்போதுதான் அம்மாவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும்" எண்டு மட்டும் சொன்னா.

தோழிதான் வழி சொன்னாள். ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் வேறு எதையும் குடுக்கலாம், சமநிலை குழம்பாது. ஆகவே ஒன்பது பங்கு பக்கற், ஒரு பங்கு அம்மா. உப்பு, தூள் போடாமல் அவித்த பூசணித் துண்டு, முட்டையில் கொஞ்சம், முள் எடுத்த மீன். பழைய சாப்பாட்டிலிருந்து புதிசுக்கு ஒரு கிழமை எடுத்து மாறினோம்: முதல் ரெண்டு நாள் கால்வாசி, பிறகு அரைவாசி, பிறகு முக்கால். நான் பகலில் இல்லாத படியால் ஒரு மணிச் சாப்பாடும் அஞ்சு மணிச் சாப்பாடும் அம்மாவின் பொறுப்பு.

ரெண்டு மூண்டு கிழமை கழித்து ஒரு நாள் விரிவுரை இல்லாமல் நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா குசினி நிலத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தா, பக்கத்தில் கச்சானின் கிண்ணம். "நான் திண்டாத்தான் இவனும் தின்னுறான்" எண்டா. அண்ணா போன பிறகு அம்மா மத்தியானத்தில் அடுப்பு மூட்டுகிறதில்லை, முன்பள்ளியில் குடிக்கிற தேத்தண்ணியும் பணிசும்தான் எண்டு எனக்கு அதுவரை தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

எனக்கு இன்னும் தீராத கேள்வி ஒன்று இருக்கு. கச்சானைப் பார்க்க வருகிற ஆக்கள் எல்லாரும் "நல்ல சாதி நாய்" எண்டுதான் சொல்லுவினம். இனம் எண்டு சொல்ல எங்கட வாய்க்கு வேறு சொல் வருகுதில்லை. நாய்க்குக் கூடச் சாதி பார்த்துத்தான் சாப்பாடு வைக்கிறோம்: ஒன்று விறாந்தையில் கிண்ணத்தில், மற்றது படலைக்கு வெளியே வாழை இலையில். பொமரேனியன் ஒரு காலத்தில் இதைவிடப் பெரிய நாய். 1888இல் விக்ரோறியா மகாராணி இத்தாலியிலிருந்து சின்ன ஒன்றைக் கொண்டு வந்து வளர்த்த பிறகு சின்னதுக்குத்தான் மவுசு. மனிசர் ஆசைக்குச் சின்னதாக்கிச் சின்னதாக்கி, ஒரு நேரம் சாப்பிடாவிட்டால் விழுந்து போகிற அளவுக்குக் கொண்டு வந்து விட்டினம். அந்தக் குறைக்குத்தான் நான் இப்போது காசு கட்டுகிறேன். கம்பஸ் கன்ரீனில் மத்தியானம் ஒரு ரோல்ஸோடு முடிக்கிற பட்ச் பிள்ளைகள் எனக்குத் தெரியும். அவர்களுக்கு முன்னால் கச்சானின் பக்கற் விலையைச் சொல்ல எனக்குக் கூச்சம். ஆனால் வீட்டுக்குக் கொண்டு வந்து விட்டாச்சு. கொண்டு வந்த உயிருக்குக் குறைத்து வைக்கவும் ஏலாது.

கச்சானுக்கு இப்போது பதினொரு மாதம், நிறை 2.6 கிலோ. சின்ன இன நாய்கள் ஒரு வருசத்துக்குள் வளர்ந்து முடிந்திடும், இனி வளர்ந்த நாய்ச் சாப்பாட்டுக்கு மாத்தலாம் எண்டு டொக்டர் சொன்னார். நாளைக்கு ரெண்டு நேரம் போதுமாம். விழாமல் நிண்ட ஒரு பால் பல்லையும் பிடுங்கி விட்டார், சின்ன இனங்களில் அது வழமையாம். போன ஞாயிறு புதிய பை வாங்கி வந்து மாத்தத் தொடங்கினோம். பழைய குட்டிப் பையில் அரைக் கிலோவுக்கு மேல் மிச்சம். அதைக் கச்சானுக்குக் கலந்து முடிப்பம் எண்டுதான் நான் நினைத்தேன்.

அம்மா பையை வெளிச்சத்துக்குப் பிடித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தை வாசித்தா. எழுத்துக் கூட்டி ரெண்டு தரம் வாசித்தா. "பிள்ளை, இதில குட்டி போட்ட தாய்க்கும் குடுக்கலாம் எண்டெல்லே கிடக்கு?"

ஓம், கிடந்தது.

எங்கட படலைக்கு வெளியே படுக்கிற கறுப்பி போன கிழமை ஐந்து குட்டி போட்டவள். அம்மா பழைய சில்வர் தட்டு ஒன்றைக் கழுவி எடுத்தா. தராசைத் தேடி எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். "அவளுக்கு உது வேண்டாம், வயிறு நிறையத் தின்னட்டும்" எண்டு சொல்லிவிட்டு அம்மா பையைச் சரித்தா.